மேட்டூர் திறப்பதற்குள் வீட்டுக் கணினியை மாற்றலாமா?

2025 நவம்பர் 12, புதன்கிழமை. சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு வழக்கமான கடைசி நாள் 15. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கி வந்து, ஸ்கேன் செய்து ஏற்றலாம் என்று உட்கார்ந்தால், கணினி நீலத் திரையில் வட்டத்தைச் சுற்றவிட்டபடி இருபது நிமிடம் நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம். பல்லி சொல்வது மாதிரி இருந்தது, ஆனால் நிற்கவே இல்லை. வெளியே மழை. "இப்புடின்னு தெரிஞ்சிருந்தா காலையிலேயே வலங்கைமானுக்குப் போயிருப்பேனே" என்றார் அப்பா. கடைசியில் அங்கேதான் போனோம். இ-சேவை மையத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. பதிவு முடிந்து வீடு திரும்ப இரவு ஒன்பதரை.

எங்கள் ஊர் வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். கணினியை 2013-இல் கும்பகோணத்தில் வாங்கினோம். கடையிலேயே பாகங்களைச் சேர்த்துக் கட்டித் தந்த அசெம்பிள்டு பெட்டி: ஐ3-3220 பிராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மகளுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தபோது ராமை 8 ஜிபி ஆக்கினோம். அப்பாவின் பட்டா, சிட்டா, பத்திர நகல்கள் அதில்தான் இருக்கின்றன. என் மனைவி இரண்டு உரக்கடைகளுக்கு வீட்டிலிருந்தே டேலியில் கணக்கு எழுதுகிறாள், அதுவும் அதில்தான். ஒரு பெட்டி நின்றால் மூன்று பேர் வேலை நிற்கும்.

அன்றிலிருந்து நாலு மாதமாக இதே யோசனை. அதே நேரத்தில் மன்னார்குடி அத்தை வீட்டிலும், வேதாரண்யத்தில் மச்சான் வீட்டிலும் இதே கேள்வி எழுந்தது. மூன்று பெட்டிகளையும் திறந்து பார்த்தேன், கடைகளில் விலை கேட்டேன், மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு முடிவு எடுத்தோம். பெட்டிக்கு எத்தனை வயது என்பதை வைத்து முடிவெடுத்திருந்தால் மூன்றிலும் தவறியிருப்போம்.

முதலில் எங்கே அடைக்கிறது என்று பார்க்க வேண்டும். வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டாரை மாற்றுவதற்கு முன் வாய்க்காலை நடந்து பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி. விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெட்டி திணறும் நேரத்தில் அதில் சிபியு (பிராசஸர்), மெமரி (ராம்), டிஸ்க் மூன்றில் எது நூறு விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் சிபியு 15, மெமரி 60, டிஸ்க் 100. பத்து வருடத்துக்கு மேலான வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இதே கதைதான். பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும், ஹார்ட் டிஸ்க் மூச்சு வாங்கும்.

காரணம் எளிது. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்து படிக்கச் சுமார் 10 மில்லி விநாடி ஆகும். அப்படியென்றால் ஒரு விநாடிக்கு நூறு இடம்தான் தொட முடியும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்புகளால் ஆன எஸ்எஸ்டியில் நகர ஊசியே இல்லை, விநாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். எங்கள் எச்61 போர்டில் பழைய சாட்டா 2 இணைப்புதான், எஸ்எஸ்டியின் முழு வேகமான விநாடிக்கு 500 எம்பி அதில் வராது, பாதிதான் வரும். "பழைய போர்டுல போட்டா வேஸ்ட்ணே" என்று கடைக்காரத் தம்பி சொன்னதும் அதனால்தான். போட்டுப் பார்த்தேன். விண்டோஸ் எழுந்திருக்க நாலு நிமிடம் ஆனது, அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது. அன்றாட வேலையில் நமக்கு உறைப்பது அந்த நூறுக்கும் பல்லாயிரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், 250-க்கும் 500-க்கும் உள்ளது இல்லை.

டிஸ்க் மெதுவாக இருப்பது வேறு, சாகப்போவது வேறு. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்தால் டிஸ்க்கின் உடல்நிலை ஒரு கட்டத்தில் தெரியும். நீலம் நல்லது. மஞ்சளில் 'காஷன்' என்று வந்து, கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், அன்றைக்கே கோப்புகளை நகல் எடுத்துவிடுங்கள். எங்கள் டிக் டிக் பெட்டியில் அந்த வரி மஞ்சளாகத்தான் இருந்தது. எப்போதிலிருந்து அப்படி இருந்ததோ, அதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போய்விட்டால், வங்கி இணையதளங்கள் பாதுகாப்பில்லை என்று மறுக்கும். பலர் இதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுகிறார்கள். மதர்போர்டில் இருக்கும் நாணயம் மாதிரியான சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும். அதற்காகக் கணினியை மாற்ற வேண்டாம்.

டெல்டாவில் கணினியைக் கொல்வது பெரும்பாலும் மின்சாரமும் காற்றும்தான். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. எங்கள் பக்கம் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, கரண்ட் வரப் பல நாள் ஆனது. வந்த முதல் நாளே எங்கள் பெட்டிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் புகைந்தது. நியூட்ரல் கம்பி சரியாகச் சேராத இடத்தில் 230 வோல்ட் வர வேண்டிய பிளக்கில் 400-ஐ ஒட்டிக்கூட வந்துவிடும். நல்ல காலம், எஸ்எம்பிஎஸ் மட்டும் உயிர் விட்டது. எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண மாடல் என்பதால் அடுத்த நாளே மாற்றிவிட்டோம். இதை நினைவில் வைத்திருங்கள், பழைய பிராண்டட் பெட்டி வாங்குவதைப் பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

வேதாரண்யத்தில் உப்பங்காற்று. மச்சான் வீட்டுப் பெட்டி 2019-இல் வாங்கியது, ஐ3-9100. அடிக்கடி ஆன் ஆகாமல் பீப், பீப் என்று கத்தியது. "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று கேட்ட இடத்தில் சொல்லிவிட்டார்கள். நான் போயிருந்தபோது ராம் பட்டையைக் கழற்றிப் பார்த்தேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பற்கள் மங்கி, பச்சை பூத்திருந்தன. பள்ளிக்கூடப் பையன்கள் பென்சில் அழிக்கும் ரப்பரால் இரண்டு பக்கமும் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, திரும்ப அழுத்தி மாட்டினேன். முதல் தடவையே எழுந்துவிட்டது. வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்தால் போதும்.

அந்தப் பெட்டியின் இரண்டாவது குறை, 'உங்கள் கணினியில் விண்டோஸ் 11 ஓடாது' என்ற அறிவிப்பு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்பட்டுப் பணத்தை விடுகிறார்கள், கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பெட்டி அதன்பிறகும் ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்க மாட்டார்கள். வீட்டில் பயன்படுத்துவோருக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு வருட நீட்டிப்பு தந்திருக்கிறது, 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினி அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கட்ட வேண்டியதில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறை, அதாவது 2017 கடைசியில் வரத் தொடங்கிய பிராசஸர்கள் வேண்டும், இல்லாவிட்டால் ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. எங்கள் ஐ3-3220 மூன்றாம் தலைமுறை, 2012-இல் வந்தது. அதற்கு வழியில்லை. மச்சானுடையது ஒன்பதாம் தலைமுறை, தகுதி உண்டு. டிபிஎம் பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குள், அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். இன்டெல் போர்டுகளில் அதன் பெயர் பிடிடி. அதை எனேபிள் செய்து, ஒரு எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினோம். செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். புதுப் பெட்டிக்கு அவர் எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே மிஞ்சியது.

தகுதியில்லாத பழைய பெட்டியில் குறுக்கு வழியாக விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்று நிறைய இடங்களில் சொல்வார்கள். ஏற்றவும் முடியும். ஆனால் அப்படி ஏற்றியதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. மற்றவர் பணக் கணக்கு எழுதும் பெட்டியில் அதைச் செய்ய நான் ஒப்பவில்லை.

சரி, தகுதியில்லாத பெட்டி வைத்திருப்பவருக்கு என்னென்ன வழி?

எஸ்எஸ்டி போட்டு, நீட்டிப்பில் பதிவு செய்து, 2026 அக்டோபர் வரை ஓட்டுவது முதல் வழி. நவம்பரில் நாங்கள் அவசரத்துக்கு இதைத்தான் செய்தோம். இதைத் தீர்வு என்று சொல்ல மாட்டேன், யோசிக்க வாங்கிய அவகாசம். எஸ்எஸ்டி வீண் போகாது, நாளைக்கு வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம். ராமுக்கு மட்டும் இந்தப் பேச்சு பொருந்தாது. பழைய பெட்டியில் இருப்பது டிடிஆர்3, இன்றைய பெட்டிகள் டிடிஆர்4-உம் டிடிஆர்5-உம். ஒன்றின் பட்டை மற்றதன் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. ஆகவே பழைய பெட்டிக்குப் புது ராம் வாங்கிப் பணம் போடாதீர்கள். யாரிடமாவது பழசு சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

விண்டோஸை விட்டு, இலவச இயங்குதளமான லினக்ஸுக்குப் போவது இரண்டாவது வழி. மன்னார்குடி அத்தைக்கு இதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஆசிரியை. "தம்பி, எனக்குப் பேப்பர் படிக்கணும், பேரனோட வீடியோவுல பேசணும், சங்கத்துக்கு ரெண்டு கடிதாசு அடிக்கணும், வேற என்ன?" என்றார். அவருக்கு லினக்ஸ் மின்ட் என்ற வகை தாராளம். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தம் உண்டு. 2 ஜிபி ராம் இருந்தாலே ஏறும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. தமிழ்99 விசைப்பலகையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊருக்கு இது அந்நியமான பொருளும் இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பையன்கள் திறந்து பார்க்காமல் விட்டார்கள், அது வேறு விஷயம்.

யாருக்கு லினக்ஸ் வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலி அதில் நேராக ஓடாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகி வேலை செய்பவர்களுக்குச் சிரமம். பழைய லேசர் பிரிண்டர் சிலவற்றுக்கு டிரைவர் கிடைப்பது பாடு. ஏற்றும் முன், மின்ட்டை ஒரு பென்டிரைவில் போட்டு, டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். அதில் பிரிண்டரில் ஒரு பக்கம், வெப்கேமராவில் ஒரு நிமிடம் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாவது வழி, கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பெட்டிகளை வாங்குவது. ரிஃபர்பிஷ்டு என்று விற்பார்கள். சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி திருச்சி, தஞ்சாவூர் வரை கிடைக்கிறது. எங்கள் வீட்டுக்கு இதைத்தான் தேர்ந்தெடுத்தோம். மற்ற எதையும் விட இதில்தான் ஏமாறவும் வழி அதிகம், நல்ல பொருள் கிடைக்கவும் வழி அதிகம்.

முதலில் தலைமுறை. 'ஐ7, 16 ஜிபி, வெறும் எட்டாயிரம்' என்று விளம்பரம் பார்த்தால், அந்த ஐ7-க்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 4790 என்றால் நான்காம் தலைமுறை. இரண்டும் எங்கள் பழைய பெட்டியைப் போலவே விண்டோஸ் 11-க்கு வெளியே நிற்பவை. 8 அல்லது 9-இல் தொடங்கும் நான்கிலக்க எண்ணாகவோ, 10, 11, 12 என்று தொடங்கும் ஐந்திலக்க எண்ணாகவோ இருக்க வேண்டும். ஐ7 என்ற பெயரைவிட அந்த எண்ணின் தொடக்கத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அடுத்தது, நான் முன்னால் சொன்ன எஸ்எம்பிஎஸ். டெல், எச்பி மாதிரிப் பெரிய கம்பெனிகளின் அலுவலகப் பெட்டிகளில் பல மாடல்களுக்கு எஸ்எம்பிஎஸ் தனி அளவு, தனி பின். எங்கள் பக்கக் கடைகளில் தொங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அதில் பொருந்தாது. ஆடி மாத இடியிலோ, ஐப்பசிப் புயலிலோ அது போய்விட்டால், அதே மாடலைத் தேடிப் பிடித்து வரவழைக்கும் வரை பெட்டி பரண்மேல்தான். பெங்களூரில் இருப்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாம் பட வேண்டும்.

இதற்கு மாற்றாகக் கிடைத்ததுதான் குட்டிப் பெட்டிகள். லெனோவோவில் டைனி, டெல்லில் மைக்ரோ, எச்பியில் மினி என்று பெயர். ஒரு பெரிய சோத்து டப்பா அளவுதான். உள்ளே எஸ்எம்பிஎஸ்ஸே கிடையாது, லேப்டாப்புக்கு வருவது போல வெளியே ஓர் அடாப்டர். அடாப்டர் போனால் வேறு வாங்கிச் செருகிவிடலாம். உள்ளே இருக்கும் போர்டுக்கும் வீட்டு மின்சாரத்துக்கும் நடுவில் அந்த அடாப்டர் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். நாங்கள் வாங்கியது லெனோவோ எம்720க்யூ, ஐ5-8500டி பிராசஸர், ஆறு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எல்லாம் சேர்த்து 15,500 ரூபாய் ஆனது. பழைய மானிட்டர், கீபோர்டு, மௌஸ் அப்படியே. புது மாடல்களில் பழைய மானிட்டர்களைச் செருகும் விஜிஏ பின் பெரும்பாலும் இருக்காது. பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் ஒரு கன்வெர்ட்டர் சேர்த்து வாங்க மறக்காதீர்கள்.

கரண்ட் செலவிலும் வித்தியாசம் இருக்கிறது. பழைய பெட்டி மானிட்டர் இல்லாமலே 70 வாட் அளவில் இழுக்கும். குட்டிப் பெட்டி அன்றாட வேலையில் 15 வாட் சுற்றி நிற்கும். நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால், இரண்டு மாதத்தில் 480 மணி. பழையதற்கு 33.6 யூனிட், புதியதற்கு 7.2 யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 26 யூனிட் மிச்சம் என்பது எங்களுக்குக் கண்ணில் தெரிகிற தொகை. அதைவிட எனக்குப் பிடித்தது யூபிஎஸ். அதே 600 விஏ யூபிஎஸ், அதே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி. பழைய பெட்டிக்குப் பத்து நிமிடம் தாங்கியது, இப்போது அரை மணியைத் தொடுகிறது. டேலியும் இதற்கு மாறியதும் மனைவி பில் போட்டு முடித்து, சேமித்து, நிதானமாக அணைக்கலாம்.

வாங்கும்போது கடையிலேயே நின்று பார்க்க வேண்டியவை: விண்டோஸ் டிஜிட்டல் லைசென்ஸோடு ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். அலுவலகப் பெட்டிகளில் புரோ பதிப்பின் லைசென்ஸ் பெரும்பாலும் பயாஸிலேயே இருக்கும். அது இருக்கும்போது கிராக் போட்டுத் தர வேண்டிய அவசியமே இல்லை, அப்படித் தந்தால் வாங்காதீர்கள். எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை அதே கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் படியுங்கள். பயாஸுக்குள் போய் பாஸ்வேர்டு பூட்டு இல்லை என்று உறுதி செய்யுங்கள். பூட்டிக் கிடந்தால் பிறகு திறப்பது பெரும்பாடு. பில்லும், எத்தனை மாத வாரண்டி என்பதும் தாளில் எழுதி வர வேண்டும். நாங்கள் முதலில் போன கடையில் பில் தர மாட்டோம் என்றார்கள், பொருள் நன்றாக இருந்தும் வந்துவிட்டோம்.

புதிது வாங்குவது நான்காவது வழி. பணம் இருந்தால் எல்லாக் காலத்திலும் இதுவே நல்லது என்றுதான் நினைத்திருந்தேன். இந்த வருடம் அப்படிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை விறுவிறுவென ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு மெமரி சிப்புகள் போய்விடுகின்றன, வீட்டுச் சந்தைக்கு மிச்சம்தான் வருகிறது. மைக்ரான் நிறுவனம் நம் கடைகளில் எல்லோருக்கும் தெரிந்த குரூஷியல் ராம், எஸ்எஸ்டி விற்பனையையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. போன வருடம் கேட்ட விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற்றமாக இருக்கும். எனக்குச் சொன்ன விலை, மானிட்டர் இல்லாமல், 12ஆம் தலைமுறை ஐ3 பெட்டிக்கு 34,000. ஏழெட்டு வருடம் ஓட்டப்போகிறவர், மகனுக்கோ மகளுக்கோ வீடியோ எடிட்டிங், கட்டட வரைபடம் மாதிரிப் படிப்பு இருப்பவர் புதிதே வாங்கலாம். வீட்டில் வந்து சரிசெய்யும் வாரண்டி என்று எழுதியிருந்தால், உங்கள் ஊர் பின்கோடுக்கு ஆள் வருவார்களா என்று வாங்கும் முன் கேளுங்கள். தஞ்சாவூர் வரை வருவார்கள், நம் ஊருக்கு வர மாட்டார்கள் என்பது பல பேருக்குப் பெட்டி கெட்ட பிறகுதான் தெரிகிறது.

லேப்டாப்பா, மேசைக் கணினியா என்பது வீட்டில் வெகுநேரம் நடந்த பேச்சு. மகள் லேப்டாப் கட்சி. அவள் பக்கமும் நியாயம் உண்டு. புயல் நாளில் பேட்டரி மூன்று நாலு மணி நேரம் தாங்கும், பள்ளிக்கூட முகாமுக்குப் போனாலும் பையில் போட்டுக் கொண்டுபோகலாம். ஆனால் எங்கள் வீட்டில் பகல் முழுக்க மனைவி எண் விசைகளைத் தட்டுகிறாள், சாயங்காலம் அப்பா பெரிய எழுத்தில் படிக்கிறார். லேப்டாப்பில் ஒரு கீ போனாலும் மொத்தக் கீபோர்டையும் மாற்ற வேண்டும், ராமைச் சில மாடல்களில் போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பலர் பகிரும் பெட்டி மேசையில் இருப்பது நல்லது, ஒருவர் மட்டும் பயன்படுத்துவது லேப்டாப்பாக இருக்கட்டும் என்று முடிவானது. பழைய லேப்டாப் வாங்குபவர்கள் பேட்டரி அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். டிசைன் கெப்பாசிட்டி 48,000, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி 31,000 என்று காட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே போய்விட்டது என்று பொருள், அதற்குத் தகுந்தபடி விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

போன் மட்டும் போதுமே என்பவர்களுக்கு: படிவம் நிரப்பாத, பிரிண்ட் எடுக்காத, கணக்கு எழுதாத வீடென்றால் போதும்.

இனி எப்போது மாற்றுவது. கடைகளில் தீபாவளிச் சலுகையைக் காட்டுவார்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகைதான் இங்கே மழைக்காலமும் காப்பீட்டுக் காலமும். அந்த நேரத்தில் புதுப் பெட்டியில் ஸ்கேனர் டிரைவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. தையில் அறுவடை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடுவதற்கான ஆன்லைன் பதிவு. மார்ச்சில் கூட்டுறவுக் கடன் கெடு, உரக்கடைகளின் ஆண்டுக் கணக்கு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் மே மாதம் பொறியியல் கலந்தாய்வுப் பதிவு. கையில் மிஞ்சுவது ஏப்ரல், அதிகம் போனால் மே முற்பாதி. மேட்டூர் ஜூன் 12-இல் திறக்கும் என்றுதான் வாய்க்கால் தூர்வாருவதைக் கோடையில் முடிக்கப் பார்க்கிறோம், தண்ணீர் வந்த பிறகு மண் வெட்ட முடியாது. பழைய பெட்டி ஓடும்போதே புதியதைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரு மாதம் சேர்த்து ஓட்டுவதற்கும் அந்தக் காலம்தான் தோது.

நாங்கள் கொஞ்சம் முன்னதாகவே தொடங்கிச் சேர்த்து ஓட்டியதில்தான் ஒன்று தெரியவந்தது. அப்பா பத்து வருடமாக அடித்து வைத்த பாசன சங்கக் கடிதங்கள் எல்லாம் பாமினி எழுத்துருவில். கோப்பைப் புதுப் பெட்டியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கின்றன. எழுத்துருக் கோப்பைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்து நிறுவியதும் திரும்ப வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை முதலில் அழித்துவிட்டு இதைக் கண்டுபிடித்திருந்தால் அலைய வேண்டியிருந்திருக்கும். இப்போது முக்கியமான கடிதங்களை மட்டும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்குப் பத்து, பதினைந்து முடிகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறார்.

டேலி லைசென்ஸைப் பழைய பெட்டியில் சரண்டர் செய்த பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும், பெட்டி உயிரோடு இருக்கும்போதே. "ஏங்க, மார்ச் 31 முடியட்டும். ஏப்ரல் ஒண்ணுலேருந்து புதுக் கணக்கைப் புதுப் பெட்டியில எழுதிக்கிறேன்" என்றாள் மனைவி. அதுவே சரி என்று டேலியை மட்டும் இன்னும் பழையதில் விட்டிருக்கிறோம்.

பழைய பெட்டியை எடைக்குப் போடுவதென்றால் டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். ஆதார், பாஸ்புக், பத்திர நகல் எல்லாம் அதில் இருக்கும். குப்பைக்குழியில் வீசாதீர்கள், போர்டுகளில் ஈயம் இருக்கலாம். மின்கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைக்கும் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன, புதிது வாங்கும் கடையில் பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேட்கலாம்.

எங்கள் பழைய பெட்டி எடைக்குப் போகவில்லை. ஏப்ரலில் டேலி இடம் மாறியதும் அதிலிருந்து எஸ்எஸ்டியைக் கழற்றி மன்னார்குடிக்கு எடுத்துப் போவதாக இருக்கிறேன், அத்தை பெட்டியில் மாட்டி மின்ட் ஏற்ற. ராமைத் தேய்க்க ரப்பர் ஒன்றும், சிஆர்2032 ஒன்றும் இப்போதே பையில் போட்டாயிற்று.